பிரஷர் மாத்திரை

சின்னக்கானல்,
14.7.2024

அன்புள்ள தம்பி அருண்பாண்டிக்கு,

அக்கா அழகுத்தாய் எழுதுவது. எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. போனில் பேசினால் எஸ்டேட் லயத்தில் பக்கத்து வீட்டு ஏசுரத்தினத்துக்குக் கேட்கும். நடுவில் ஒற்றைத் தகரம்தான். அதனால்தான் கடிதம்.

உன் மச்சான் மூன்று மாதமாக வேலைக்குப் போகவில்லை. சோறு இறங்கவில்லை. "நான் இருந்து யாருக்கு என்ன லாபம்?" என்றார் ஒருநாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நல்லவேளை, நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இப்போது வெள்ளிக்கிழமைகளில் மனசுக்கும் பார்க்கிறார்கள். பிரஷர், சுகர்காரர்களோடு ஒரே வரிசை. மனச்சோர்வு என்று டாக்டர் மலையாளத்தில் விளக்கி, மாத்திரை கொடுத்தார். மச்சான் எதையும் காதில் வாங்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சேச்சி, வீட்டில போயி தமிழில தெளிவா பறயணும்" என்றாள் நர்ஸ் ஜிஸ்மி. அவரிடம் எப்படிச் சொல்ல?

உன் அக்கா,
அழகுத்தாய்

கம்பம்மெட்டு,
20.7.2024

பாசமுள்ள அக்காவுக்கு,

மனசைத் தளரவிடாதே. நம் இந்துவுக்குக் கம்பத்தில் நல்ல இடம் தகைந்து வருகிறது. தகப்பனுக்கு மனசு சரியில்லை என்று தெரிந்தால் வாசலோடு திரும்பிவிடுவார்கள். மச்சானுக்கும் தெரிய வேண்டாம், டீக்கடையில் உளறிவிடுவார். பிரஷர் மாத்திரை என்றே சொல். வரிசை ஒன்றுதானே, யார் கண்டது?

தம்பி,
அருண்பாண்டி

சின்னக்கானல்,
5.10.2024

அன்புள்ள தம்பிக்கு,

நீ சொன்னபடியே சொன்னேன். ஜிஸ்மியிடமும் விளக்கிவிட்டதாகப் பொய் சொன்னேன். மாத்திரை வேலை செய்தது. தேயிலைக் கவாத்து வெட்டப் போனார், இந்துவைக் கேலி செய்து சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு அடுப்படியில் அழுதேன்.

போன வாரம் எஸ்டேட்டில் கேம்ப். பிரஷர் பார்த்து நார்மல் என்றார்களாம். "இல்லாத பிரஷருக்கு எதுக்குடி மாத்திர?" என்று அத்தனையையும் அடுப்பில் போட்டுவிட்டார். மறுபடியும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நான் சொன்னால் "நீ என்ன டாக்டரா?" என்கிறார். நீ சொன்னால் கேட்பார். உடனே வா, உண்மையைச் சொல்லிவிடுவோம். பயமாக இருக்கிறது தம்பி.

அக்கா

கம்பம்மெட்டு,
11.10.2024

அக்காவுக்கு,

ஐப்பசி இருபத்திநாலில் நிச்சயம். இந்த நேரத்தில் கிளறினால் காரியம் கெடும். ஒரு மாதம் பொறு. நிச்சயம் முடிந்த மறுநாளே வந்து நானே சொல்கிறேன்.

அருண்பாண்டி

சின்னக்கானல்,
16.11.2024

அருண்பாண்டிக்கு,

நிச்சயத்துக்கு ஒரு வாரம் முன்னால் மச்சானை டேமிலிருந்து தூக்கி வந்து கிடத்தியிருந்தபோது, கம்பத்துக்காரர்கள் எப்படி என்று கேட்டார்கள். "பிரஷருங்க, தலசுத்தி விழுந்துட்டாரு" என்று நீ முந்திக்கொண்டாய். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் என்னைத் தூங்கவிடவில்லை. உன்னை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்குத் தினமும் தண்ணீரோடு பொய்யையும் கொடுத்தவள் நான்தான்.

இந்து கம்பத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இனி சம்பந்தம் பேச அவர்கள் வரமாட்டார்களாம். அவள் அழவில்லை.

நேற்று வெள்ளிக்கிழமை. அதே வரிசையில் நின்றேன். முன்னால் ஏசுரத்தினம், பின்னால் நம் லயத்துப் பெண்கள். "சேச்சிக்கு எந்தா, பிரஷரா?" என்று கேட்டாள் ஜிஸ்மி.

"இல்லம்மா, மனசுக்கு" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

இனி எனக்குக் கடிதம் எழுதாதே. சொல்ல ஏதாவது இருந்தால் போனில் பேசு. லயம் முழுக்கக் கேட்கட்டும்.

அழகுத்தாய்