கரண்டியில் தட்டிய பல்

இஞ்சாருங்கோ,

முந்தாநாள் காலை தம்பிக்குப் பருப்பும் சோறும் மசித்து ஊட்டிக்கொண்டிருந்தேன். எவர்சில்வர் கரண்டி அவன் வாய்க்குள் எதிலோ தட்டி 'டிக்' என்றது. விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். கீழ் ஈறில் அரிசி முனை போல ஒன்று.

வேறு வீடென்றால் தாய்க்காரி சந்தோசத்தில் ஊரைக் கூட்டியிருப்பாள். நான் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினேன். வெளியே முற்றத்தில் மூத்தவள் தாரணி பால்மா டின்னை உருட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்திருக்குமோ என்று கதவில் காதை வைத்துக் கேட்டேன். பெற்ற பிள்ளைக்குப் பல் முளைத்ததைக் களவுப் பொருள் மாதிரி ஒளிக்க வேண்டிய நிலைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டது யார்? நீங்கள்தான். உங்களுடைய அந்த வாய்தான்.

ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட பின்னேரத்தை நினைத்துப் பாருங்கள். உங்களுக்குக் காய்ச்சல் விடவில்லை, டெங்கு என்று இரத்தச் சோதனையில் தெரிந்துவிட்டது, உடனே கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். படிக்கட்டின் கீழே த்ரீவீலர் உறுமிக்கொண்டு நிற்கிறது. தாரணி உங்கள் காலைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். "அப்பா எப்ப வருவீங்க?" நாளைக்கு என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்றும் சொல்லியிருக்கலாம். நீங்கள் குனிந்து, என் தோளில் கிடந்த தம்பியின் வாயைக் காட்டினீர்கள்.

"இந்தா பாரு. தம்பிக்குப் பல்லு மொளைக்கும்ல? அன்னைக்கு அப்பா இங்க இருப்பேன். கொழுக்கட்டைய நான்தான் கொட்டுவேன். சரியா?"

சரி என்று தலையாட்டி உங்கள் காலை விட்டாள். அவளுக்கு உங்கள் சொல் போதும். நான் முறைத்ததற்கு என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "அதுக்கு இன்னும் எம்புட்டு நாள் கெடக்கு. அதுக்குள்ள நூறு தடவ வந்துருவேன்."

நூறு தடவையாம்! ஒரே தடவைதான் வந்தீர்கள், அதுவும் நான்கு பேர் தோளில், பெட்டிக்குள். அந்த நேரம் தாரணியைக் கீழ் வீட்டு ஜெஸீமா தாத்தா தன் வீட்டுக்குத் தூக்கிப் போய் வைத்திருந்தாள். அக்காவைத் தாத்தா என்று கூப்பிடும் அவர்கள் வழக்கத்தைக் கேட்டு, இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் நான் விழித்ததையும் நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததையும் எழுத வந்தால் இந்தக் கடிதம் முடியாது. புசல்லாவையிலிருந்து வந்த உங்கள் அண்ணன் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "புள்ள கேட்டா ஆஸ்பத்திரியில இருக்காருன்னே சொல்லுவோம். சின்னப் புள்ள, தானா மறந்துரும்." நானும் அன்று அப்படியே விட்டுவிட்டேன். அப்பாவை மறக்கிற பிள்ளையா அவள்?

கொழுக்கட்டையை அவள் பிடித்துக்கொண்டதற்கும் நீங்கள்தான் காரணம். அவளுக்கு முதல் பல் வந்தபோது நான் எங்கள் ஊர் முறைப்படி பல்லுக்கொழுக்கட்டை அவித்தேன். ஒவ்வொன்றின் விளிம்பிலும் தேங்காய்ச் சொட்டைப் பல் பல்லாகக் குத்தி வைத்ததைப் பார்த்து, "என்னா இது, கொழுக்கட்டை நம்மள கடிக்குமா?" என்றீர்கள். பிள்ளையை வெள்ளைத் துணியில் இருத்தித் தலையில் கொட்ட வேண்டும் என்றதும் இன்னும் மோசம். "யாழ்ப்பாணத்துல புள்ள தலையிலயா சாப்பாடு போடுவாங்க?" ஆனால் கொட்டியது நீங்கள்தான். அவள் மடியில் விழுந்ததையெல்லாம் பொறுக்கித் தின்றதும் நீங்கள்தான். அதன் பிறகு எத்தனை இரவு அந்தக் கதையைச் சொல்லி அவளைத் தூங்க வைத்தீர்கள்! நடந்ததைவிடக் கதையில் கொழுக்கட்டை பெரிதாகிக்கொண்டே போனது.

தம்பி பிறந்து நான் வீட்டுக்கு வந்த அன்றே பிள்ளைகளைப் பங்கு பிரித்தீர்கள். "பெரிசு எனக்கு, சின்னது ஒனக்கு. சண்டை வேணாம்." நல்ல ஏற்பாடுதான். நான் தம்பிக்குப் பால் கொடுப்பதும், கண்டி மழையில் காயாத நெப்பியை அடுப்படியில் கட்டிய கொடியில் மாற்றி மாற்றிப் போடுவதுமாக இருந்தேன். தாரணியின் சோறு, குளிப்பு, தூக்கம் எல்லாம் உங்கள் பொறுப்பு. இரும்புக் கடையிலிருந்து வந்து சேர்ட்டைக் கழற்றியதும் அவளைப் பிளாஸ்டிக் பேசினுக்குள் இருத்திவிடுவீர்கள். பேசின்தான் பஸ், நீங்கள் கொண்டக்டர். "கண்டி, கண்டி, கண்டி! இஸ்ஸரஹட்ட யன்ன, முன்னுக்குப் போங்க, இடம் இருக்கு!" என்று நீங்கள் கத்த, அவள் நீரைத் தள்ளிக்கொண்டு முன்னுக்குப் போவாள். அந்தக் கூத்தில் தம்பி விழித்துவிடுவான். நான் அறைக்குள்ளிருந்து ஏசுவேன். "சத்தம் போடாதேங்கோ! இப்பத்தான் கண்ணயர்ந்தவன்." நீங்கள் அவளிடம், "மேடம் வண்டிய நிப்பாட்டச் சொல்றாங்க" என்பீர்கள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நாட்களில் எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அவள் விழுந்தால் "அப்பா", பசித்தால் "அப்பா". என் மகள் என்னைத் தாண்டி உங்களிடம் ஓடினாள். பேச்சும் உங்கள் பேச்சு. நான் "இஞ்ச வா" என்றால், "இங்க வான்னு சொல்லுங்கம்மா" என்று திருத்துவாள்.

நீங்கள் போன பிறகு அவள் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தாள். நான் குளிக்க வார்க்கப் போனால் பேசினைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நிற்பாள். "அப்பா வந்து ஊத்துவாங்க." ஈரத்துணியால் துடைத்துவிடுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். தலைமுடி கண்ணில் விழுந்தது. கத்திரிக்கோலை எடுத்தாலே அலறல். "அப்பா வந்து வெட்டுவாங்க." இரவில் உங்கள் பக்கத்துத் தலையணையோடு ஒட்டிக்கொண்டு, என் கை பட்டால் நகர்ந்து படுத்தாள். ஒரே வீட்டில், ஒரே பாயில், எனக்கு ஒரு பிள்ளைதான் மிச்சமிருந்தது.

காலையில் கண் விழித்ததும் நேரே தம்பியிடம் போவாள். அவன் வாய்க்குள் விரலை விட்டு ஈறைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து என் கன்னத்தைத் தடவுவாள். "இன்னும் வரலம்மா. அழாதீங்க." எனக்கு ஆறுதல் சொல்கிறாளாம்! அந்தப் பல் வந்தால் அவளிடம் சொல்லியாக வேண்டும் என்று எனக்குத் தெரியும். வராமலே போகட்டும் என்று பிள்ளையாரைக் கேட்டேன். எந்தத் தாயாவது இப்படிக் கேட்பாளா? நான் கேட்டேன்.

முந்தாநாளும் நேற்றுக் காலையும் எப்படியோ ஒளித்தேன். அவள் விழிக்குமுன் தம்பியைத் தூக்கிக்கொண்டேன். பால் குடிக்கிறான், பிறகு பார்க்கலாம் என்றேன். நேற்றுப் பின்னேரம் ஜெஸீமா தாத்தா மேலே வந்து தம்பியை வாங்கிக் கொஞ்சினாள். அவன் வாயைத் திறந்து சிரித்தான். "யா அல்லாஹ், தம்பிக்கிப் பல்லு வந்தீக்கி! தாரணி, ஓடி வாங்க, பாருங்க!" அவளுக்கு உங்கள் வாக்குறுதி தெரியாது. பாவம், என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

தாரணி ஓடி வந்தாள். விரலை விட்டுப் பார்த்தாள். உள்ளே போய், முகம் இருந்த மட்டுக்கும் பவுடர் பூசி, நீங்கள் தீபாவளிக்கு வாங்கிய சிவப்புச் சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு வந்தாள். பேசினை வாசலுக்கு இழுத்துப் போய் மேல் படியில் வைத்து, அதற்குள் உட்கார்ந்தாள். கட்டுகஸ்தோட்டைத் தெருவில் த்ரீவீலர் சத்தம் கேட்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டினாள். மழை தூறத் தொடங்கியது.

ஜெஸீமா தாத்தாவிடம் தம்பியைப் பார்க்கச் சொல்லிவிட்டு நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

"உள்ளுக்கு வா குஞ்சு, நனையப்போறாய்."

"அப்பா வர்றாங்க. பல்லு வந்திருச்சு."

"அப்பா வரமாட்டார்."

"நாளைக்கு வருவாங்களா?"

நம் வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் அவள் காதுபட என்னிடம் போய்விட்டார், மோசம் போய்விட்டார், சாமியிடம் போய்விட்டார் என்றுதான் சொன்னார்கள். போனவர் என்றால் வருவார்தானே? அவள் அப்பா தினமும் கடைக்குப் போய் வந்தவர்தானே? நான் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. "நாளைக்கும் வரமாட்டார். ஒருநாளும் வரமாட்டார். அப்பா செத்துப்போனார், அம்மா. அவருக்கு வரத்தான் விருப்பம். ஏலாமல் போச்சு."

என்னையே பார்த்தாள். பிறகு பேசினை விட்டு இறங்கி உள்ளே நடந்தாள். விளங்கவில்லை போலும் என்று நினைத்தபடி பின்னால் போனேன். ஜெஸீமா தாத்தா வாயில் சீலைத் தலைப்பை வைத்து அழுத்திக்கொண்டு சுவரோரம் நின்றாள். பாயில் கிடந்த தம்பியின் வாய்க்குள் தாரணி பெருவிரலை வைத்துப் பல்லின் மேல் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"உள்ள போ. ஏன் இப்பவே வந்த? இன்னும் அப்பா வரல. உள்ள போ."

தம்பி விளையாட்டென்று நினைத்துக் காலை உதைத்துச் சிரித்தான். நான் அவள் கையை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அது உள்ளே போய்விட்டால் எவ்வளவு நல்லது என்று நானும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவன் கடித்துவிட்டான். அவள் விரலை இழுத்துப் பார்த்தாள். உதடு கோணியது. வாசல் பக்கம் திரும்பி "அப்பா" என்று கத்தினாள். வாசலில் பேசினுக்குள் மழை விழும் சத்தம் மட்டும்தான். நீங்கள் செத்துப்போனதற்கு என் பிள்ளை நேற்றுத்தான் அழுதாள். அழுது அழுது மூச்சு வாங்கி, பிறகு என்னைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினாள். "தூக்குங்க."

இன்றைக்குக் கொழுக்கட்டை அவிக்கிறேன். மாவை வறுத்து இறக்கிவிட்டேன். ஜெஸீமா தாத்தா தேங்காய்ச் சொட்டு வெட்டுகிறாள், பல் ஒவ்வொன்றும் யானைப் பல்லாக வருகிறது. தம்பி தலையில் தான்தான் கொட்டுவாளாம், தாரணி சொல்லிவிட்டாள். காலையில் தலைமுடியை வெட்ட விட்டாள். பேசினில் உட்கார்ந்தாள், ஆனால் நான் வண்டி ஓட்டக்கூடாதாம். சும்மா ஊற்ற வேண்டுமாம். சும்மா ஊற்றினேன்.

பங்கு பிரித்தீர்களே, இப்போது இரண்டும் எனக்குத்தான் வந்திருக்கிறது. நேற்று அவள் என் கழுத்தை விடவில்லை, தம்பியும் சேர்ந்து அழுதான். ஒரு இடுப்பில் அவன், ஒரு இடுப்பில் இவள். இவள் என்ன கனம்! ஒவ்வொரு பின்னேரமும் கடை முடிந்து வந்து, ஜெஸீமா தாத்தா வீட்டு வாசலிலிருந்து இத்தனை படியும் இவளைத் தூக்கிக்கொண்டு பாட்டுப் பாடியபடி ஏறி வந்தீர்கள். கனக்கிறாள் என்று என்னிடம் ஒரு நாளாவது சொன்னீர்களா?