கயிறு இல்லாத இழுப்பு

மச்சான், இதெல்லாம் வருமென்று அன்றைக்கே சொன்னவன் நான். வள்ளத்தில் உட்கார்ந்து, சங்கு குளிக்க இறங்கப்போகிற உன் கயிற்றைப் பிடித்தபடி சொன்னேன்: ஒரு நாள் கயிறே இல்லாமல் இழுப்பு போகும், தூரத்தில் இருப்பது சொன்னபடி கேட்கும் என்று. "ஏலே, வெயில் மண்டைக்கு ஏறிட்டு உனக்கு" என்று நீ சிரித்தாய். இப்போது உன் மகள் ஜெனிட்டாவின் கார் சாவி என் உள்ளங்கையில் கிடக்கிறது. கறுப்பாய், அலை உருட்டிய சிப்பி மாதிரி வழவழப்பாய். எட்டாங்கிளாஸ் தாண்டாத என்னைக் கேட்டுத்தான் இதைச் செய்திருக்க வேண்டும்.

பூட்டும், திறக்கும், அவ்வளவுதான் என்று ஊரே நினைக்கிறது. திறக்கிற பொத்தானை விடாமல் அமுக்கிப் பிடி; நாலு கண்ணாடியும் ஒன்றாய் இறங்கும், வெயிலில் நின்ற வண்டி உள்ளிருக்கும் வெக்கையை மூச்சாக விடும். பூட்டுகிற பொத்தானைப் பிடி. கண்ணாடி ஏறும், சைடு மிரர் இரண்டும் காது மாதிரி மடங்கும். திருச்செந்தூர்க் கூட்டத்தில் வண்டி எங்கே நிற்கிறதென்று தெரியாவிட்டால் இன்னொரு பொத்தான். வண்டியே ஹாரன் அடித்துக் கூப்பிடும். தொட்டு எடுப்பது ஒரு பேச்சு, நீளமாய்ப் பிடிப்பது வேறு பேச்சு. நம் கயிற்று வழக்கமேதான் மச்சான். கீழிருந்து நீ நீளமாய் இழுத்தால், தூக்கு. மேலிருந்து நான் இழுத்தால், போதும், ஏறி வா. பெண்ணைக் கொடுத்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்று நம் ஆட்கள் சும்மாவா வைத்தார்கள்? தங்கச்சி தாலி அவன் கையில்.

போன வாரம், நீ போய்ச் சேர்ந்த வருஷப் பூசைக்கு மணப்பாட்டுக் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து ஜெனிட்டா சாமியாரைப் பார்க்க நின்றாள். முட்டுவலி என்று உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, போய்க் காரின் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். சாவி என் கையில். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் பார்க்கிறார்கள். விடுவேனா?

"பாரும் அண்ணாச்சி, சொன்ன பேச்சைக் கேக்கும்!"

கண்ணாடியை இறக்கினேன், ஏற்றினேன். மறுபடி இறக்கினேன், ஏற்றினேன். வண்டி நூறு பேருக்குச் சலாம் போட்டது என்று வைத்துக்கொள். கடைசியாக ஏற்றியதும் சாவி செத்துப்போனது. கண்ணாடி மூடியிருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது. பேரனுக்காகப் பின்கதவில் சைல்டு லாக் போட்டிருந்ததால் உள்ளிருந்தும் திறக்க முடியாது. முன் சீட்டுக்குத் தாண்ட அவள் முட்டு விடாது. உச்சி வெயில். தங்கச்சி கண்ணாடியைத் தட்டுகிறாள். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை.

அமுக்குகிறேன், பதில் இல்லை. கீழே போனவன் கயிறு அசையாமல் கிடக்குமே, அதே மாதிரி. என் கை தானாகக் கதவுப் பிடியை நீளமாய் இழுத்தது. கார் அந்த வழக்கத்தை அறியுமா?

ஜெனிட்டா ஓடி வந்தாள். "தாங்க மாமா." சாவியின் விளிம்பில் எதையோ தள்ளினாள். அந்தச் சிப்பிக்குள்ளிருந்து உருவினாள் பார், ஓர் இரும்புச் சாவி! கதவுப் பிடியில் அதற்கொரு துளை ஒளிந்திருந்தது. திறந்ததுமே வண்டி அலறியது. அதற்கு எங்கேயோ இருக்கிற தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் பதில் ஊதியது.

வேர்த்து வழிந்து இறங்கினாள் தங்கச்சி. "ஏண்ணே, கடலுக்குள்ள போன அவுகள எல்லாம் தூக்கிட்ட. கரையில இருந்த என்னையப் போயி முக்கப் பாத்தியே!"

"ஏளா, முங்கினா எப்படி இருக்கும்னு உனக்குக் காட்டத்தான் செஞ்சேன்" என்றேன். வலைக்காரர்கள் சிரித்தார்கள்.

அதோடு முடியவில்லை. செத்த சாவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டி வைத்து அமுக்கினாள் ஜெனிட்டா. அலறல் நின்றது, எஞ்சின் உறுமியது. எனக்கு ரோமம் சிலிர்த்துவிட்டது.

"பேட்டரிதான் போயிருக்கு மாமா. கிட்ட வச்சா வண்டிக்கு அடையாளம் தெரியும்."

வண்டி கல்லாமொழி ஊரைத் தாண்டியது. பிறகு தங்கச்சி மெதுவாய்ச் சொன்னாள்: "அவுகளும் அப்படித்தானண்ணே. ஆஸ்பத்திரியில பேச்சு மூச்சு இல்லாமக் கெடந்தாக. நீ கையப் பிடிச்சதும் நீளமா ஒரு இழுப்பு இழுத்தாகன்னு சொன்னியே."

"ஆமா" என்றேன்.

கயிறு அறுத்த காய்ப்பு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது மச்சான். சாவியை வைத்தால் சரியாக அதன்மேல்தான் உட்காருகிறது. இந்த மடலில் உள்ளதெல்லாம் சத்தியம், கப்பல் ஊதியது உட்பட. அந்த ஆஸ்பத்திரி இழுப்பு மட்டும் நானாகச் சொன்னது. உன் கை அசையவே இல்லை. இழுத்தது நான்தான். ஏறி வா என்று.