முலூகியாவுக்கு ஒரு மூச்சு

தன்தா, எகிப்து
9 ஏப்ரல் 1985

என் கண்ணின் வெளிச்சமான நிஃமத்துக்கு,

உன் ஹில்மி எழுதுவது. நான் நலம். உன் நலத்தை அல்லாஹ் காக்கட்டும். சஹர் போர்ட் சயீதிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். மாப்பிள்ளைக்குத் தொப்பை விழுந்துவிட்டது. உன் கைமணம் மகளுக்கு வந்திருக்கிறது போல. அவள் கல்யாணத்துக்காகத்தானே நீ ஓமானுக்கு டீச்சர் வேலைக்குப் போனாய்! கல்யாணம் முடிந்தும் வருடம் ஒன்றாகிறது. சும்மா சொன்னேன்.

இங்கே ஓயாத மணல்காற்று. ஸ்டேஷனில் டிக்கெட் ஜன்னலை முக்கால்வாசி சாத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் கடையில் வாங்கிய மொச்சைக் கடைசல். காலையிலும் அதுதான், ராத்திரியும் அதுதான். கடைக்காரர் ஏனத்தை நிரப்பும்போதெல்லாம், "டீச்சரம்மா எப்ப வர்றாங்க?" என்று கேட்கிறார். அதற்காகவே இப்போது தெரு தாண்டிப் போய் வேறு கடையில் வாங்குகிறேன்.

சந்தைக்குப் புது முலூகியாக் கீரை வந்துவிட்டது. ஆசையில் ஒரு கட்டு வாங்கிவிட்டேன். வாங்கிய பிறகுதான் சமைக்கத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. மேசைமேல் வாடிக்கொண்டிருக்கிறது. செய்முறை எழுது. அடுத்த கட்டுக்காவது உதவும்.

இன்னொரு வருடத்துக்கு வேலை ஒப்பந்தத் தாள் கொடுப்பார்கள் என்றாயே, வந்ததா? கையெழுத்துப் போடுவதும் போடாததும் உன் விருப்பம். நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

உன்,
ஹில்மி


நிஸ்வா, ஓமான்
24 ஏப்ரல் 1985

சஹரின் அப்பாவுக்கு நிஃமத்தின் ஸலாம்.

வெந்நீர் வைக்கச் சொன்னால் பாத்திரத்தைக் கருக்குகிற மனிதர் முலூகியா செய்யப் புறப்பட்டிருக்கிறீர்கள். சிரித்தேன். அப்புறம் அந்த வாடிய கட்டை நினைத்துக் கொஞ்சம் அழுதேன்.

கீரையைத் தண்டில்லாமல் ஆய்ந்து கழுவி, துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்துங்கள். சமையலறைக் கதவுக்குப் பின்னால் இரண்டு பிடி வைத்த வளைகத்தி தொங்குகிறது. அதைத் தொட்டில் ஆட்டுவதுபோல ஆட்டி, கீரை கொழகொழவென்று ஆகும்வரை நறுக்குங்கள். கோழி வேகவைத்த சாற்றைச் சூடாக்கி அதில் கீரையைப் போடுங்கள். கொதிக்க மட்டும் விடாதீர்கள். கொதித்தால் கீரை அடியில் இறங்கிவிடும், மேலே வெறும் தண்ணீர் நிற்கும். இறங்கின முலூகியாவைத் திரும்பத் தூக்கி நிறுத்த எந்தச் சமையல்காரராலும் ஆகாது.

வேறொரு வாணலியில் நெய்விட்டு, பூண்டும் மல்லித்தூளும் சிவக்க வறுங்கள். அதைச் சட்டியில் கொட்டும் அந்த நொடியில், திடுக்கிட்டவர்போல 'ஹக்'கென்று மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். அது பெண்கள் வேலை என்று விட்டுவிடாதீர்கள். என் அம்மா இழுத்தாள், உங்கள் அம்மாவும் இழுத்தார்கள். மூச்சு இல்லாத முலூகியா நிற்காது.

இங்கே விடுதியில் மூன்று டீச்சர்களுக்கு ஒரே அடுப்பு. ஜோர்தான்காரி இலையை நறுக்காமல் முழுசாகப் போடுகிறாள். தூனிஸ்காரி உலர்ந்த பொடியைக் கன்னங்கரேலென்று ஆகும்வரை நாளெல்லாம் வேகவைக்கிறாள். இரண்டுக்கும் பெயர் முலூகியாதானாம்! நான் ஒருநாள் மூச்சை இழுத்ததும் பாம்பு வந்துவிட்டதென்று இரண்டு பேரும் ஓடிவந்தார்கள். விஷயம் தெரிந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் இங்கே முலூகியா செய்வதில்லை.

தாள் வந்துவிட்டது. மே மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். என் விருப்பம் என்று எழுதிவிட்டீர்கள். உங்கள் விருப்பம் என்னவென்று நான் யாரிடம் போய்க் கேட்பது? முலூகியா எப்படி வந்தது என்று உடனே எழுதுங்கள்.

நிஃமத்


தன்தா
8 மே 1985

என் நிஃமத்துக்கு,

முலூகியா பிரமாதம்! நீ செய்கிற மாதிரியே பச்சைப் பட்டாகச் சட்டியில் நின்றது. மூச்சும் இழுத்தேன். சமையலறை ஜன்னல்களுக்கு நடுவே இருக்கிற காற்றுக்குழி வழியாகச் சத்தம் கீழே போய், கீழ்வீட்டு உம் ரிஃபாத் எட்டிப் பார்த்து, "அண்ணே, நீங்க இழுத்த இழுப்புல எங்க வீட்டுச் சட்டியே ஆடிப்போச்சு" என்றாள். ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். நிஃமத்தின் கைமணம் அப்படியே இருக்கிறதென்று சொன்னாளாம்.

அடுத்து, சோறு அடைத்த கத்தரிக்காய் செய்யலாமென்று இருக்கிறேன். ஆகவே என்னைப் பற்றிக் கவலையே வேண்டாம். தனி ஆளாக நன்றாகவே சமாளிக்கிறேன். நீ நிம்மதியாக முடிவெடு.

ரமளான் நெருங்கிவிட்டது. உனக்கு என் முன்வாழ்த்து.

உன்,
ஹில்மி


நிஸ்வா
30 மே 1985

சஹரின் அப்பாவுக்கு,

உங்கள் நோன்பை அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும். நீங்கள் நன்றாகச் சமைக்கிறீர்கள் என்பதில் மகிழ்ச்சி.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கோபித்துக்கொண்டு எழுதுவதாக எண்ண வேண்டாம். உங்கள் கடிதம் வரும்போது பெட்டியைப் பாதி அடுக்கியிருந்தேன். கீரை இறங்கிவிட்டது, தின்ன முடியவில்லை, வந்து தொலை என்று ஒரு வரி இருக்கும் என்று பிரித்தேன். வைதிருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன். நான் இல்லாமலே அந்த வீட்டில் என் கைமணம் இருக்கிறதென்றால், நான் வந்து என்ன செய்யப்போகிறேன்? அடுக்கியதை எல்லாம் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

கத்தரிக்காய்க்குச் சோற்றை முக்கால் பாகம்தான் அடைக்க வேண்டும். நிறைய அடைத்தால் வெடித்துவிடும்.

நிஃமத்


தன்தா
14 ஜூன் 1985

நிஃமத்,

முலூகியா இறங்கிவிட்டது. அன்றும் இறங்கியது, அதற்குப் பிறகு செய்தபோதெல்லாம் இறங்கியது. மேலே தண்ணீர், கீழே கீரை. ரொட்டியைத் தோய்த்து எப்படியோ விழுங்கினேன். உம் ரிஃபாத்துக்கு நான் எதுவும் கொடுத்தனுப்பவில்லை. அவள் சொன்னதாக எழுதியதும் நானே கட்டியது. தவியாய்த் தவிக்கிறேன் என்று எழுதினால் நீ பாதி மனதோடு வருவாய் என்று பயந்தேன்.

மூச்சு நான் இழுக்கவே இல்லை. வாணலியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன், வாய் திறக்காது. கேட்க ஒருவரும் இல்லாத வீட்டில் மூச்சை இழுப்பதற்கு வெட்கமாக இருந்தது. இப்போது ரமளானில் இன்னும் கஷ்டம். நோன்பு திறக்கிற நேரம் நெருங்கினால் காற்றுக்குழியில் ஒவ்வொரு மாடியாக மூச்சுச் சத்தம் கேட்கும். முதலில் உம் ரிஃபாத், பிறகு அவளுக்கு எதிர்வீடு, பிறகு மேல்மாடி. நம் வீட்டு முறை வரும்போது சத்தம் இருக்காது. நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. மாலையில் வெறும் சமையலறையில் நின்றபடிதான் பிரித்தேன். அடுப்பு பற்றவைக்கவில்லை, ஜன்னலும் திறந்துகிடந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்ற வரிக்கு வந்தபோது மூச்சு தானாக உள்ளே போயிற்று. என்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை.

கீழே உம் ரிஃபாத் அதைக் கேட்டுவிட்டாள். "மாஷா அல்லாஹ், இன்னிக்கு உங்க வீட்லயும் முலூகியாவா அண்ணே?" என்றாள்.

ஆமாம் என்று சொன்னேன்.

ஹில்மி