கொய்னாவும் சக்கரத்தின் சத்தமும்

இன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரி தந்த மருந்துப் பொட்டலத்தைப் பிரித்தேன். வெள்ளைக் கொய்னா வில்லைகள். கண்டதுமே என் வாய் கசந்துவிட்டது. மகளுக்கு நான்கு நாளாய்க் குளிர்காய்ச்சல். அதே காய்ச்சலில் நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. இப்போதுதான் உங்களுக்கு எழுத முடிகிறது.

கல்லூரியில் படித்தவளுக்குச் சுத்தியல்காரன் மாப்பிள்ளையா என்று என் பக்கத்துச் சனம் பழித்தபோது நீங்கள் சிரித்தீர்கள். யாழ்ப்பாணம் ஸ்டேஷனில் கோச்சி வந்து நின்றதும் சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டு போவீர்கள். நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். வெடிப்பு விழுந்தது அடைத்த குரலில் முனகும். வீட்டில் வெண்கலக் கிண்ணியை எடுத்து நானும் தட்டிப் பார்த்தேன். டொக்கென்றது.

"விளிம்பை விடும். பிடிச்சுக்கொண்டு தட்டினால் நல்லதும் வெடிச்சதுமாதிரித்தான் கேக்கும்," என்றீர்கள்.

பிறகு உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. கொய்னா போட்டுக்கொண்டே வேலைக்குப் போனீர்கள். மூன்றாம் நாள், நீங்கள் நல்லதென்று விட்ட சக்கரமொன்றை உங்களோடு வேலை செய்தவர் தற்செயலாகத் தட்டியிருக்கிறார். "அண்ணை, உது செத்த சத்தமெல்லே?" துடைத்துப் பார்த்தால் மயிரிழையாய் ஒரு வெடிப்பு.

அன்று நீங்கள் சாப்பிடவில்லை. "உந்தக் கொய்னா காதுக்குள்ளை கிண்ணெண்டு நிக்குது. எனக்கு எல்லாச் சக்கரமும் நல்லதாத்தான் கேக்குது."

லீவு எடுக்கச் சொன்னேன். காது பிழையென்று தெரிந்தால் சுத்தியலை வாங்கிவிடுவார்கள் என்றீர்கள். மருந்தை மட்டும் விடக்கூடாதென்று சண்டை பிடித்தேன். ஓம் என்றீர்கள்.

ஒவ்வொரு காலையும் என் கையால்தான் வில்லையும் தண்ணீரும் தந்தேன். விழுங்கியதைப் பார்த்தேன் என்றே நினைத்திருந்தேன். உங்களை எடுத்துப் போன மூன்றாம் நாள் வேலைச்சட்டைப் பையில் கண்டேன். கடதாசியில் சுற்றி, பாதி கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன அந்த வில்லைகள். அவ்வளவு கசப்பை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்று போட்டு வாறன் என்று எப்படிச் சொன்னீர்கள்?

கடைசிவரை உங்கள் கையில் வேறெந்த வெடிப்பும் தப்பவில்லையாம். கூட வேலை செய்தவர் வந்து சொன்னார். அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தேன்.

இன்று வில்லையை அரைத்துத் தேனில் குழைத்து மகளுக்குத் தீத்தினேன். அவள் காதையும் அது பிடித்துவிடுமோ என்ற பயத்தில், பின்னால் நின்று அதே கிண்ணியைத் தட்டினேன். திரும்பவில்லை. மறுபடி தட்டினேன். பிறகுதான் பார்த்தேன், என் விரல்கள் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. உள்ளங்கையில் வைத்துத் தட்டினேன். ஒலித்தது. திரும்பினாள்.

அவளை மடியில் இருத்தி, வாயைத் திறந்து, நாக்கின் அடியை விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இன்னொருமுறையும் பார்த்தேன்.