கடை மெயிலில் போன கரிக்கட்டி

ஐப்பசி, செவ்வாய்.

கரித்தூளைப் புளியங்கொட்டைப் பசையில் பிசைந்து கட்டியாக்கும் என் முறையை மதுரைக் கம்பெனி ஒன்றுக்கு மட்டும்தான் அனுப்பச் சொன்னேன். எனக்கென்று மெயில் கிடையாது; ஊரில் எல்லோருடையதையும் போல, அதுவும் திருச்சுழி ஜெராக்ஸ் கடையின் மெயிலிலிருந்துதான் போனது.

இன்று பதில் பார்க்கப் போனால், நரிக்குடி கரி வியாபாரி என் பசைப் பக்குவத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஏலே, அது என்னோடதுலே!" என்று கடைக்காரனைப் பார்த்துக் கத்தினேன்.

அவன் சிரிக்கிறான். "கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி. அவுகளும் கரி யாவாரந்தான, ஒதவுமேன்னு காட்டுனேன்."

இனி அந்தக் கடைப் படி மிதிக்க மாட்டேன். அருப்புக்கோட்டைக்குப் போய் எனக்கென்றே ஒரு மெயில் தொடங்குவேன்.

எனக்கோ டைப் அடிக்கத் தெரியாது. அங்கேயும் பாஸ்வேர்டைக் கடைக்காரன்தானே அடிப்பான்?