விட்டிருக்க வேண்டிய இரண்டு பற்கள்

1974 பிப். 4, திங்கள்

காலையில் பனி. ஹார்பர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு பல் ஆஸ்பத்திரி. கீழ்ப் பல்செட்டு மூன்றாவது தடவையாகப் புதிது. வாயைத் திறந்தால் எழும்பி வருகிறது. டாக்டரம்மா ஈறைத் தடவிப் பார்த்தார்.

"எலும்பு தேஞ்சிடுச்சு. செட்டு உட்கார மேடே இல்லை. பல்லோட வேர் இருந்தாதான் எலும்பு நிக்கும். அன்னிக்கே சொன்னேனே."

சொன்னார். பல் பிடுங்கப் போன அன்று, கீழே கோரைப்பல் இரண்டை மட்டும் விடுங்கள், அந்த வேர்மேல் செட்டு மாட்டலாம் என்று. வீக்கத்தில் தூங்காத எரிச்சல் எனக்கு. எல்லாத்தையும் ஒரேயடியா புடுங்கிடுங்க என்றேன். அந்த இரண்டும் ஆடக்கூட இல்லை.

பிப். 6, புதன்

சாயங்காலம் மாதா கோயில் பின்னால் எங்கள் பேண்டு பயிற்சி. டிரம்பெட்டை உதட்டில் வைத்து அழுத்தியதுமே செட்டு நழுவியது. காற்றுதான் வந்தது. கழற்றிவிட்டு ஊதினால் உதட்டுக்குப் பின்னால் பிடிமானம் இல்லை. மாஸ்டர் சூசை, என்னைவிடச் சின்னவன், தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"அண்ணே, கொஞ்ச நாள் டிரம்ஸ் பக்கம் நில்லேன். டிரம்பெட்டை பீட்டர் ஊதட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். வீட்டில் சொல்லவில்லை.

பிப். 9, சனி

என் மனைவி செலினாவுக்குக் கன்னம் வீங்கிக் கிடக்கிறது. கிராம்பு வைத்துக்கொண்டு மறைத்திருக்கிறாள்.

"நானும் உன்னாட்டம் எல்லாத்தையும் புடுங்கிக்கிறேன்யா. நீ நிம்மதியாத்தானே கீறே?"

"இல்ல, செலினா."

எல்லாம் சொன்னேன். எலும்பு, சூசை, பீட்டர். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"இத்தினி நாளு ஏன்யா எங்கைல சொல்லல?"



பிப். 11, திங்கள்

மறுபடி லீவு. இருவரும் ஆஸ்பத்திரி. எடுக்க வேண்டியதை மட்டும் எடுங்க என்று டாக்டரம்மாவிடம் கெஞ்சினேன். கடைவாயில் மூன்று போயிற்று. மற்றதைக் காப்பாற்றலாமாம். பஸ்ஸில் பஞ்சைக் கடித்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ராத்திரிக்குக் கஞ்சி, இரண்டு பேருக்கும்.

பிப். 12, செவ்வாய்

வெயில். எங்கள் தெருவழியாகச் சாவு ஊர்வலம், எங்கள் பேண்டு. நான் போகவில்லை. வாசலில் நின்றேன், செலினா பக்கத்தில். பீட்டர் ஊதிக்கொண்டு வந்தான். நன்றாகத்தான் ஊதினான்.

வீங்கிய வாயோடு மெதுவாகச் சொன்னாள், "இந்த எடத்துல நீ மேல போவே."

ஆமாம் என்றேன். அவன் போகவில்லை. கீழ்ச் சுரத்திலேயே ஊதி முடித்துவிட்டு மூலை திரும்பினான்.