முருங்கைக் கட்டையில் சாணி

12.11.1991, செவ்வாய்

காலையில் முதல் வேலையாகக் கனகாம்பரம் பறித்தேன். பாத்தி நடுவில் அந்த முருங்கைக் கட்டை. கம்பளிப்பூச்சி தாங்காமல் போன மாதம் இவர்தான் மரத்தை வெட்டச் சொன்னார்; இப்போது கட்டையும் கனகாம்பரத்துக்கு இடைஞ்சலாம், தோண்டி எடுக்கச் சொல்கிறார். வெட்டினால் துளிர்க்கட்டும் என்று சாணி அப்புவது கைப்பழக்கம். அன்றே நான் அப்பிவிட்டேன்.

கட்டையைத் தோண்ட வந்த ஏழுமலை கடப்பாரையைப் போட்டுவிட்டுச் சிரித்தான்.

"இன்னாம்மா, சாணியும் அப்பிட்டு பேக்கவும் சொல்றீங்க! தளிர் வுட்டுகினு கீது பாருங்க."

"சார் திட்டுவாருப்பா."

"அப்ப பேத்துடட்டுமா?"

 நாளை வரச் சொல்லி அனுப்பிவிட்டேன். தளிர் விரல் நீளம்கூட இல்லை.

ஷிப்ட் முடிந்து வந்ததும் இவர், "கட்டை போச்சா?" என்றார்.

"ஏழுமலை நாளைக்கு வர்றான்" என்றேன்.

வரட்டும். கனகாம்பரத்தைப் பெயர்த்து மதிலோரம் நடச் சொல்லப்போகிறேன். கட்டை இருந்த இடத்திலேயே இருக்கும்.